செனட்டர் டாகெட்டின் பழைய பேச்சு

எண்பத்து மூன்று வயதில், எட்டாவது முறையாக நெப்ராஸ்கா மக்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிவிட்டார் செனட்டர் வெர்னன் டாகெட். நாற்பத்திரண்டு ஆண்டுகள் செய்தும் தொண்டு இன்னும் மிச்சம் இருந்ததாம்.

ஒமாஹாவில் நடந்த தேர்தல் விவாதத்தில், அவரை எதிர்த்து நின்ற பிரெண்டா கோவல் ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டாள்.

"பன்னெண்டு வருஷத்துக்கு மேல யாரும் செனட்ல உக்காரக் கூடாது. கிழவங்க வீட்டுக்குப் போகட்டும்!" என்று ஓர் இளங்குரல் முழங்கியது.

மேடையோரம் நின்ற உதவியாளர் லொரெட்டாவுக்கு உடம்பு சிலிர்த்தது. டாகெட் தன் முதல் தேர்தலில் பேசிய இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் இருபத்திரண்டு வயதில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள்.

"இதுக்கு என்ன சொல்றீங்க, செனட்டர்?" என்றாள் பிரெண்டா.

டாகெட் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார். "தம்பி நல்லாத்தான் பேசுறான். ஆனா அனுபவம் பத்தாதும்மா."

அரங்கமே கைதட்டிச் சிரித்தது. என்ன சமயோசிதம் என்று நிருபர்கள் வியந்தார்கள். லொரெட்டாவும் அப்படித்தான் நினைத்தாள்.

காரில் ஏறியதும் அவர் சொன்னார்: "லொரெட்டா, அந்தப் பையன் யாருன்னு விசாரி. நம்ம ஆபீஸ்ல சேத்துக்கலாம்."

மறுநாள் அவள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள். மசோதாக்களைப் போலவே அதையும் படிக்காமல் கையெழுத்திட்டார். நவம்பரில் பெருவாரியான ஓட்டில் ஜெயித்தார்.