நனைத்து வைத்த காடு

"பத்திரமா இருக்கட்டும்னுதான் தண்ணி அடிக்கச் சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"சுத்தி ஓரத்துலதானே அத்தான் அடிக்கச் சொன்னேன். நடுவுல யாரு அடிக்கச் சொன்னது?"

அவள் குனிந்து ஒரு கை சருகை அள்ளினாள். நொறுங்க வேண்டிய சருகு, பிழிந்து போட்ட துணி மாதிரி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

காட்டுத்தீ எப்படி நகர்கிறது என்று ஆராய்கிறவளுக்கு மூன்று வருடமாகத் தீ ஒன்றுதான் கிடைக்கவில்லை. வெயில் காலத்தில் அனுமதி கேட்டால் ஆபத்து என்று கையை விரிப்பார்கள். மழை பிடித்த பிறகு தாராளமாகக் கொளுத்திக்கொள் என்பார்கள். அக்காவின் கணவரே இந்தக் காட்டுக்கு ரேஞ்சராக மாற்றலாகி வந்ததும், அக்கா அவரைச் சாப்பிட விடாமல் நச்சரித்து இந்த ஒரு நாளை வாங்கிக் கொடுத்திருந்தாள். சின்னச் சதுரம் ஒன்றைக் கொளுத்தி, தீ போகும் வேகத்தை அளந்துவிட்டால் ஆய்வு முடிந்துவிடும். நாளை மழை என்று வானிலை அறிக்கை சொல்லிவிட்டது. இந்தப் பருவமும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பேராசிரியரும் சொல்லிவிட்டார்.

சதுரத்தைச் சுற்றித் தரையைச் சுரண்டி, தீ தாண்டாமலிருக்கத் தடுப்புக் கோடு வெட்டியிருந்தார்கள். வெட்டிய கோடு பொட்டுத் தண்ணீர் படாமல் கிடந்தது. உள்ளே அவள் அளவுக்காக நட்ட கம்பிகள் சொட்டிக்கொண்டு நின்றன.

தீயணைக்கும் ஆட்கள் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லியான அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான்.

"தீக்குச்சி நமத்துப் போச்சுப்பா" என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குத்தான் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அத்தான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கோட்டைத் தாண்டி ஒரு மரம் எரிந்தாலும் மேலிடத்துக்குப் பதில் சொல்லப்போவது தான்தான் என்றார். ஆயுசெல்லாம் தீயை அணைத்தவனிடம் கொளுத்தச் சொன்னால் கை தானாகக் குழாயைத்தான் தேடும் என்றும் முணுமுணுத்தார். அதில் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்தாள். அங்கே சருகு காலடியில் சரசரத்து உடைந்தது. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"அத்தான், இந்தத் துண்டு நல்லா காஞ்சு கிடக்கு. ஆளுங்க இருக்காங்க, மண்வெட்டி இருக்கு. கோடு வெட்ட நானும் கூட நிக்கிறேன். பொழுது சாயறதுக்குள்ள இதைக் கொளுத்திக்கட்டுமா?"