ஹோன் கணக்கு

மரக்கடை வாசலில் மூங்கில் வண்டி வந்து நின்றால் போதும், உக்கிரபாண்டியின் வாய் தானாக ‘இப்போன், நிஹோன், சம்போன்’ என்று சப்பான் பேச்சில் எண்ண ஆரம்பித்துவிடும். சயாமில் சப்பான்காரனுக்கு ரயில் பாதை போட்டுவிட்டு அவன் மதுரைக்குத் திரும்பி ஒரு வருஷமாகிறது. நாக்கு இன்னும் ஊர் வந்து சேரவில்லை. சப்பான்காரனுக்கு ஆளை எண்ண ஒரு பேச்சு, மாட்டை எண்ண ஒரு பேச்சு. நீளமாக இருக்கிற எதுவும், மூங்கிலோ, தண்டவாளக் கட்டையோ, சுருட்டோ, குடையோ, எல்லாம் இந்த ‘ஹோன்’ கணக்குத்தான். அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டதால் அவனுக்குக் கட்டை எண்ணுகிற வேலை கிடைத்தது. மண் சுமப்பதற்கு இது தேவலை என்று சந்தோஷப்பட்டான், பாவி.

அன்றைக்குப் பாதி வண்டி எண்ணியிருந்தபோது மாயக்காள் வந்து நின்றாள். அவனோடு மலேயாத் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து சயாமுக்கும் கூடவே போய், திரும்பி வராத நல்லகாமனின் பெண்சாதி. செக்கானூரணியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். காலெல்லாம் புழுதி.

“கொழுந்தன் வெள்ளிக்கெழம காரியம் பண்ணணும்ங்கிறாரு. நான் தாலிய அவுக்க மாட்டேன்னுட்டேன். நீ ஊருல எல்லார்ட்டயும் தெரியாதுன்னே சொல்றயாம். ஏங்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லுவியாண்ணே?”

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஒரு வருஷமாகச் சொல்லிவரும் பொய். இனி அதைச் சுமக்க அவனுக்குத் தெம்பில்லை.

சயாமில் காலரா வந்த வாரம் அது. பாயில் சுருட்டி வரிசையாகப் போட்டிருந்தவர்களை எண்ணச் சொன்னார்கள். நம் பக்கத்தில் பிள்ளைகளைத் தலை எண்ணினாலே ஆகாது என்பார்கள். செத்தவனை எப்படி எண்ணுவது? அலுப்பில், பழக்கத்தில், கட்டையை எண்ணுகிற மாதிரியே ‘இப்போன், நிஹோன்’ என்று எண்ணிக்கொண்டு போனான். பக்கத்தில் நின்ற சப்பான் சிப்பாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“மொத்தம் பதினோரு பேரு, ஆத்தா. ஒம்பதாவது அவன்.”

“எப்பிடித் தெரியும்?”

“காலு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அருவா பட்டுப் பெருவெரலு போன காலு, ஒனக்குத் தெரியும்ல. உள்ள தள்ளிப் பாய இழுத்து மூடுனேன். மூடிட்டுப் பத்துன்னு போயிட்டேன். மரத்த எண்ணுற மாதிரி எண்ணிப்புட்டேன் தாயி.”

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தான். தூற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தொட்டியாண்ணே?”

“தொட்டேன்.”

“எந்தக் கையி?”

அவன் தயங்கித் தயங்கி வலது கையை நீட்டினான். சிராய் ஏறிக் காய்த்துப்போன கை. மாயக்காள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மிச்சத்தை எண்ணச் சொல்லி வண்டிக்காரன் இரண்டு தரம் கூப்பிட்டான். அவள் விடவில்லை.