வாக்குத்தத்தப் பெட்டி

பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லுகிறேன் பேர்வழி என்று வருஷம் தவறாமல் கூட்டம் போடுவார் சபைச் செயலாளர் தேவசிகாமணி. படிக்க வேண்டிய சாயங்காலத்தை முழுங்கிவிட்டு, இரண்டு பிஸ்கோத்தும் ஆறிப்போன டீயும் கொடுத்து அனுப்புவார். வராத பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் வாசலில் நிறுத்தி மானத்தை வாங்கிவிடுவார். அந்தப் பயத்தில்தான் கனகமும் போய் உட்கார்ந்தாள்.

அவளுக்கு அது பி.ஏ. கடைசி வருஷம். உப்பிலிபாளையத்தில் மில் வேலை பார்த்த அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: பாஸானால் டீச்சர் வேலைக்கு மேலே படிக்கலாம், பெயிலானால், பெண்டாட்டியைப் பறிகொடுத்த தாராபுரத்து மாமனுக்குக் கழுத்தை நீட்டணும். மாமனுக்கு நாற்பது வயசு, மூக்குக்கு மேல் கோபம் வேறு. மறுநாள் இங்கிலீஷ் பேப்பர்.

ஜெபம் இழுத்த இழுப்பில் பாதிப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பிறகு பெட்டி வந்தது. வருஷப் பிறப்பன்று ஆளுக்கொரு பைபிள் வசனச் சீட்டு எடுத்து, இந்த வருஷத்துக்கு ஆண்டவர் தந்த வாக்கு இதுதான் என்று வைத்துக்கொள்வார்களே, அதே பெட்டி. நல்ல வழக்கந்தான். மனுஷர் அதைப் பரீட்சை ரிசல்ட் சொல்லும் கிளிஜோசியக் கூண்டாக்கிவிட்டார்.

கனகத்துக்கு வந்தது, பொறுமையாய்க் காத்திருக்கச் சொல்லும் வசனம். தேவசிகாமணி எல்லார் முன்னாலும் உச்சுக்கொட்டினார்.

"செப்டம்பர் பரீட்சை வரைக்கும் காத்திருக்கணும்னு இருக்குது அம்மணி. என்ன பண்றது, ஆண்டவர் சித்தம்."

செப்டம்பர் என்றால் பெயிலானவர்கள் திரும்ப எழுதுவது. கனகத்துக்கு அழுகை முட்டியது.

அடுத்து, பக்கத்தில் இருந்த செயலாளர் மகள் ரூபி எடுத்தாள். அவளும் பி.ஏ.தான். சீட்டில் உபத்திரவம் என்று இருந்தது. ரெண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதாகச் சொல்லி, அப்பன் அதை உள்ளே போட்டு வேறு எடுக்கச் சொன்னார். அதுவும் வாய்க்கவில்லை. மூணாவதில் ஜெயம் என்று வந்ததும், அல்லேலூயா என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கூரை அதிர்ந்தது.

அட, இவ்வளவுதானா சங்கதி என்று இருந்தது கனகத்துக்கு. இந்த ஆளுக்கே பெட்டிமேல் நம்பிக்கை இல்லை, நான் எதுக்கு நடுங்கணும்? அழுகை போய்ச் சிரிப்பு வந்தது. பிஸ்கோத்தைத் தொடாமல் வீட்டுக்கு நடந்தாள். படிச்சது மறக்காம எழுத வெய்யுங்க ஆண்டவரே, மிச்சத்த நான் பாத்துக்கறேன் என்று ஒரே வரியில் ஜெபத்தை முடித்துப் புஸ்தகத்தைத் திறந்தாள். எத்தனையோ நாளாக வராத தைரியம் அப்போதுதான் வந்தது. ரூபியோ ஜெயச் சீட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

ரிசல்ட் வந்தது. கனகம் பாஸ். தாராபுரத்து மாமன் வேறு இடம் பார்க்கப் போனார். ரூபி இங்கிலீஷில் கவிழ்ந்துவிட்டாள்.

மறுவாரம் தேவசிகாமணி கனகத்தின் வீட்டு வாசலில் வந்து நின்று, செப்டம்பருக்கு ரூபிக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று இழுத்தார். மனுஷர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கே அனுப்புங்க அய்யா," என்றாள் கனகம். "புஸ்தகத்தோட வரட்டும். பெட்டி மட்டும் உங்க ஊட்லயே இருக்கட்டுங்க."