விரிசலைப் பிடித்தவர்கள்

கடலோர ஊரான வயாலுவாவில் கஹாலே மகேகாவின் பட்டறையில் தொங்கிய பழைய அலைச்சறுக்குப் பலகையில் கீறல் விழுந்தால், அதன் நகல்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் அதே இடத்தில் கீறல் விழும். நகல் கடலில் இறங்கினால் மூலம் இங்கே நனையும்; அது அலையில் ஆடினால் இதுவும் ஆடும். ஊரில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பெரிய அலை வரும் நாளில் சாலை அடைத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி இதுவும் ஒன்று.

அந்தப் பலகை கஹாலேயின் அப்பா பால்சா மரத்தில் கையால் இழைத்தது. கேட்பவர்கள் பெருகவே, கஹாலே அதன் அளவுகளை இயந்திரத்துக்கு ஏற்றி, மூடிக்கிடந்த சர்க்கரை ஆலையில் வைத்து நுரைக்கட்டிகளில் நகல் வெட்டினான். கடைசி இழைப்பு மட்டும் கையால். பலகைக்கு மரம் சாய்க்குமுன் வேரடியில் செந்நிறக் குமு மீன் படைப்பது அவர்கள் வழக்கம். மனைவி உலுலானி மீனோடு வந்து நின்றாள். "நுரைக்கு ஏது வேரு? வறுத்துக் குடு, தின்னுட்டு வேலையப் பாக்குறேன்" என்று சிரித்தான். தின்றும்விட்டான். முதல் நகல் கடலுக்குப் போன அன்றே மூலத்திலிருந்து உப்புநீர் சொட்டியது.

அவர்கள் மகள் இவலானி ஒரு நகலோடு வைமேயா கடற்கரையின் குளிர்காலப் பேரலைக்குப் போயிருந்த காலையில், கயிறு அறுந்து மூலப்பலகை சிமெண்டுத் தரையில் விழுந்தது. நடுவில் விரிசல்.

"ஐயோ, பொண்ணு தண்ணியில இருக்காளே!" என்று அலறினாள் உலுலானி. போன் அடித்தால், கரையில் நிற்கும் மகளின் வண்டிக்குள்தான் அடித்தது. சாலையோ அடைத்துக் கிடந்தது. விரிசலை நெருக்க இரும்புப் பிடியை முடுக்கினார்கள். விரிசல் இன்னும் ஓடியது. ஈரத்தில் பசை ஒட்டவில்லை. கஹாலே பலகையை மார்போடு கட்டிக்கொண்டான். அது துள்ளும்போது விட்டுக்கொடுத்து, அடங்கும்போது இறுக்கினான். கைக்கு மட்டும்தான் அது கட்டுப்பட்டது. திடீரென்று பலகை முழுக்க நனைந்து, சில்லிட்டு, அசைவற்றுப் போனது. மகளின் நகல் அலைக்கடியில் போயிருந்தது.

"ஆடவே மாட்டேங்குது உலு..."

"வாயக் கழுவு! கைய விட்டே, கொன்னுபுடுவேன்."

அவளும் வந்து மறுபக்கம் பிடித்தாள். வெகுநேரம் கழித்துப் பலகை ஒருமுறை உதறி மறுபடி ஆடத் தொடங்கியபோது, இருவரும் வெட்கமில்லாமல் அழுதார்கள்.

மாலையில் இவலானி கிழிந்த உதட்டோடு வந்து நின்றாள். "அதான் வந்துட்டேன்ல. விடுப்பா."

கஹாலே விடவில்லை. பலகையில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "உன்னுது கரையேறிடுச்சு. இது எவன் பெத்த புள்ளையோ?"

நகல்கள் ஜப்பானுக்கும் பெருவுக்கும் போர்ச்சுகலுக்கும் போயிருந்தன. எங்காவது ஒரு கடலில் எப்போதும் விடிந்துகொண்டுதான் இருந்தது. வாங்கியவர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள், யாரும் நம்பவில்லை. இவலானி கையைத் துடைத்துக்கொண்டு, "நகரும்மா, இந்தப் பக்கம் நான்" என்று உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து பலகை கைகளில்தான் இருக்கிறது. ஊரார் வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டார்கள். அது சில்லிட்டு அசைவற்றுப் போகும்போதெல்லாம், பிடித்திருப்பவர் தாமும் மூச்சை அடக்கிக்கொள்கிறார். மறுபடி ஆடியதும், அடுத்த வீட்டாரைக் கூப்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்.