பத்து நிமிட இடைவேளை

"ஒரு பத்து நிமிஷம் நிறுத்திக்கோங்கண்ணா. அப்பால அடிங்க."

மூன்று மாடி இறங்கி ஓடி வந்து சங்கமித்ரா இப்படிச் சொன்னதும் மேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் மேளம் போதவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெரிய மேளக்காரர் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னாமா, போலீஸ் எதுனா வருதா?"

"இல்லண்ணா. தம்பி போன் பண்ணுவான். அவனுக்கு விஷயம் தெரியாது."

பக்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த மதி நிமிர்ந்து பார்த்தான். தம்பி பீம்ராவோடு சின்ன வயதிலிருந்து ஒரே டீமில் பந்து ஆடியவன். விடியற்காலையிலிருந்து ஐஸ் பெட்டிக்கும் பந்தலுக்கும் அலைந்ததில் கண் சிவந்து போயிருந்தான். "க்கா," என்று ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் இன்னொரு நாற்காலியைத் தூக்கினான்.

குடியிருப்பின் வாசலில், பந்தலுக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுடைய அப்பா வேலப்பன் படுத்திருந்தார். அவர் போய் எட்டு மணி நேரம் ஆகிவிட்டது. பெட்டியைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். சங்கமித்ரா அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"அம்மா. மணி ஒன்னு இருவத்தஞ்சு."

தாயம்மா மகளை ஒருமுறை பார்த்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த மற்றவர்களும் ஒவ்வொருவராக அடங்கினார்கள். எதிர்வீட்டு முத்தம்மா மட்டும், "பெத்த புள்ளையாண்ட போயி மறைக்கிறியேடி, நாளைக்கு அவன் கேட்டா இன்னா சொல்லுவ?" என்றாள். சங்கமித்ரா படிக்கட்டைப் பார்த்து ஓடினாள்.

பீம்ராவ் போலந்துக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வேலப்பன் மணலியில் கண்டெய்னர் யார்டில் முப்பது வருஷம் மூட்டை இறக்கினார். ஓய்வு பெற்றபோது கையில் வந்ததை அப்படியே ஏஜெண்டிடம் கொடுத்துத்தான் மகனை அனுப்பினார். அங்கே ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலை. இரண்டு அறையில் ஆறு பேர். வாடகை போக, வீட்டுக்கு அனுப்புவது போக, சாப்பாட்டுக்கு என்று அந்த ஊர்க் காசில் மாதம் ஐந்நூறு ஸ்லோட்டி வைத்துக்கொள்வான். காலை பத்து மணிக்கு அவனுக்குப் பத்து நிமிட இடைவேளை. இங்கே அப்போது ஒன்றரை. ஒரு நாள் தவறாமல் அழைப்பு வந்துவிடும். ஹலோ கூடச் சொல்ல மாட்டான். "நைனாண்ட குடு" என்பான்.

மருந்துக் கடையில் பில் போடுகிற சங்கமித்ரா, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வருவதே அந்தப் பேச்சைக் கேட்கத்தான். அப்பாவும் பிள்ளையும் பத்து நிமிஷமும் சோற்றைப் பற்றியே பேசுவார்கள்.

"இன்னிக்கி இன்னா ஆக்கன?"

"கோழி, நைனா. முட்டகோஸ் பொரியலு."

"முட்டகோஸ் முழுசா வாங்கு. வெட்டி வெச்சிகீறத வாங்காத, காசு ஜாஸ்தி. எண்ண எவ்ளோ?"

"எட்டு ஸ்லோட்டி."

"போன மாசம் ஏழுதானேடா!"

போலந்தில் எண்ணெய் விலை ஏறியதற்கு வியாசர்பாடியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் கோபப்படுவதைப் பார்த்து சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வரும். சாயங்காலம் கடை மூடுகிற நேரத்தில் மீந்த ரொட்டிக்குப் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் என்பது, பனிக்காலத்தில் பாலை ஜன்னலுக்கு வெளியே வைத்தால் கெடாது என்பது, இதெல்லாம் வேலப்பனுக்கு அத்துப்படி. எம்.கே.பி. நகர் மார்க்கெட்டில் நின்று அடுத்தவர்களுக்கும் சொல்வார். ஆனால் போனை வைத்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவளிடம் சொன்னார்.

"பொய் சொல்றான், மித்ரா. அவன் சொல்ற காசுக்குத் தெனம் கோழி வராது. வெறும் கோசுதான் துன்றான்."

"கேக்க வேண்டியதுதானே நைனா?"

"எதுக்கு? சந்தோஷமா சொல்றான். சொல்லட்டும்."

போன வாரம் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இருதயம் பாதிக்கு மேல் ஓய்ந்துவிட்டது என்றார்கள். நான்காவது நாள் வேலப்பன் ஆக்ஸிஜன் முகமூடியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகளை அருகில் கூப்பிட்டார்.

"அவனாண்ட சொல்லாத. அந்தக் கார்டு கைக்கி வர்ற வரிக்கும் சொல்லாத."

அங்கே தங்குவதற்கான அட்டைக்கு பீம்ராவ் எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அது வருவதற்குள் அந்த நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. அவனுக்குத் தெரிந்தால் நிற்க மாட்டான், அடுத்த விமானத்தில் வந்து இறங்கிவிடுவான் என்பது மகளுக்கும் தெரியும்.

"நான் பூட்டாலும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

நரம்பில் ஊசி குத்தியிருந்த அந்தக் கையில்தான் அவள் சத்தியம் செய்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்தே தம்பியிடம் தினமும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

மொட்டை மாடியில் வெயில் கொளுத்தியது. அவள் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குப் போவதற்குள் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அதை நிறுத்திவிட்டு, முகத்தைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கூப்பிட்டாள்.

"சொல்றா. இங்க நெட்டு சரியில்ல, அதான் வீடியோ எடுக்கல."

"பரவால்லக்கா."

"சாப்டியா?"

"ம். ரொட்டி எடுத்தாந்தேன்."

"குளுரு எப்டிகீது?"

"இப்ப இல்ல. பரவால்ல."

அவள் காத்திருந்தாள். அவன் நைனாவைக் கேட்பான், பதில் சொல்லிவிடலாம் என்று படி ஏறும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்துகிற சத்தம், புரியாத மொழியில் யாரோ சிரிக்கிற சத்தம். அவளே ஆரம்பித்தாள்.

"நைனா தூங்கினு கீறாருடா. ராத்திரிலாம் இருமலு. மாத்திர போட்டுட்டு இப்பதான் கண்ண மூடனாரு. அதான் எழுப்பல."

"தூங்கட்டும்."

"நாளைக்கிப் பேசலாம்."

"ம்." பிறகு, "அக்கா," என்றான்.

"இன்னாடா?"

"மேளம் வெக்கலியாக்கா? அவுருக்குப் புடிக்குமே."

சங்கமித்ரா தொட்டியின் ஓரத்தைப் பிடித்தாள். சிமெண்ட் சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"வெச்சிருக்குடா," என்றாள். "நான்தான் நிறுத்தச் சொன்னேன். உனுக்குக் கேட்ரும்னு."

ஏதோ சொல்ல வந்து நிறுத்திய மதியின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"மதி சொன்னானா?"

"அவன கோச்சிக்காத. முந்தாநேத்து நீ மருந்து வாங்கப் போனப்ப, நைனாதான் அவன் போன வாங்கிப் பேசனாரு. 'எனுக்கு நாள் நெருங்கிடிச்சி. நீ வரக்கூடாது. உனுக்குத் தெரியும்னு மித்ராவாண்ட சொல்லாத, அது ஒடிஞ்சி பூடும்'னாரு. மதியாண்டயும் சத்தியம் வாங்கிக்கினாரு. காலைல அவன்தான் மெசேஜ் போட்டான்."

"என்கிட்டயும் வாங்கனாருடா," என்றாள் அவள்.

"'மீறி வந்தின்னா என் மூஞ்சில முழிக்காத'ன்னாருக்கா. செத்தப்புறம் எப்டி நைனா முழிக்கிறதுன்னு கேட்டேன். சிரிச்சாரு. சிரிச்சி இருமல் வந்துடுச்சி. மதி போன வாங்கிட்டான். அதான் கடசி."

அவளுக்கு அழுகை வந்தது. அவன் காதில் விழுகிறதே என்று அடக்கப் பார்த்தாள். பிறகு இனி எதற்கு என்று விட்டுவிட்டாள். எட்டு மணி நேரமாகத் தேக்கி வைத்திருந்தது. அவன் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ ஏண்டா வேலைக்கிப் போன?"

"ரூம்ல எல்லாரும் ஷிஃப்டுக்குப் பூட்டானுங்க. தனியா இருக்க முடியல."

"இன்னா துன்ன நேத்து?" கேட்ட பிறகுதான் அது யார் கேட்கிற கேள்வி என்று அவளுக்கு உறைத்தது.

"கோசு," என்றான் அவன். "கோழிலாம் வாரத்துக்கு ஒரு வாட்டிதான்க்கா. நைனாவாண்ட சும்மா சொல்லுவேன்."

"அவுருக்குத் தெரியும்டா."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில் மணி போல ஏதோ அடித்தது. இடைவேளை முடிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"நான் போணும்," என்றான். "எப்ப எடுக்கிறாங்க?"

"ரெண்டு மணிக்கி."

"போன கட் பண்ணாதக்கா. கைலயே வெச்சுக்க. நான் தொப்பிக்குள்ள இயர்போன காதுல மாட்டிக்கினு நிப்பேன். பேச முடியாது. கேட்டுகினு இருப்பேன்."

கீழே இறங்கி வந்தவள் நேராக மேளக்காரரிடம் போனாள். "அடிங்கண்ணா," என்றாள். "நல்லா அடிங்க."

அவர் அவள் கையில் ஒளிர்ந்துகொண்டிருந்த போனைப் பார்த்தார். மேளத்தைத் தூக்கி மாட்டிக்கொண்டார். அப்புறம் அவர்கள் அடித்த அடியில் மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. தாயம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். சங்கமித்ரா அம்மாவின் அருகில் உட்கார்ந்து போனை அவள் காதில் வைத்து, "பீமு கேட்டுகினு கீறான்மா," என்றாள். தாயம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உன் அப்பன் என்ன விட்டுட்டுப் பூட்டாருடா," என்று கத்தினாள். அந்தக் குரலில் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் உடைந்து அழுதார்கள். முத்தம்மாவும் அழுதாள்.

குடியிருப்பின் புத்தர் மன்றத்துக்காரர் 'புத்தம் சரணம் கச்சாமி' சொன்னார். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். வெள்ளைத் துணி போர்த்தி, பூ வைத்து, இரண்டு மணிக்கு வண்டியில் ஏற்றினார்கள். ஆண்கள் ஏறிய பிறகு சங்கமித்ராவும் படியில் கால் வைத்தாள். முத்தம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கா? வேணாம்டி. மதி பாத்துக்குவான்."

சங்கமித்ரா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தெருவில் உட்கார்ந்திருந்த தாயம்மா தலையைத் தூக்கினாள்.

"போவட்டும் விடு," என்றாள். "அவ மட்டுமா போறா."

வண்டி மெல்ல நகர்ந்தது. பாலத்துக்கு அடியில் டேங்கர் லாரிகள் வழிவிட்டு ஒதுங்கின. மதி அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். சார்ஜ் குறைவதைப் பார்த்து, தன் பையிலிருந்து பவர் பேங்க் எடுத்து ஒயரைச் சொருகிக் கொடுத்தான். "க்கா, நான் சொல்லிர்லாம்னுதான்..." என்றான். அவள் அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இடுகாட்டில் குழி தயாராக இருந்தது. ராத்திரி பெய்த மழையில் மண் ஈரமாக, கருப்பாகக் குவிந்து கிடந்தது. கயிறு கட்டி வேலப்பனை இறக்கினார்கள். மேளம் ஓய்ந்தது. "புள்ள இடத்துல யாரு?" என்று குழி வெட்டியவர் கேட்டார். சங்கமித்ரா முன்னால் போனாள். யாரும் தடுக்கவில்லை.

போனை இடது கையில் பிடித்துக்கொண்டு குனிந்து, மூன்று பிடி மண் போட்டாள். குழி வெட்டியவர் நகரச் சொல்லிக் கை காட்டினார். அவள் நகரவில்லை. மறுபடியும் குனிந்தாள். இன்னும் மூன்று பிடி எடுத்து, போனைக் குழிக்கு நேரே நீட்டிப் பிடித்து, ஒவ்வொன்றாகப் போட்டாள். மண் விழுகிற சத்தம் மெத்தென்று கேட்டது. பிறகு அவள் போனைக் காதில் வைத்தாள்.

அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஓடுகிற இரைச்சல். அதன் நடுவே, பெட்டியின் மேல் டேப்பை இழுத்து ஒட்டுகிற சத்தம். ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி. டேப் பாதியில் நின்றது. யாரோ அந்த மொழியில் அவனை அதட்டினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு டேப் இழுபடும் சத்தம் மறுபடியும் கேட்கத் தொடங்கியது.