படிவத்தில் நான் எழுதிய பட்டம்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தில் தொடங்கியது. அதையும் நான்தான் எழுதினேன்.

எங்கள் முன்னோர் ஒருவருக்கு ஏதோ ஓர் அரசன் ஒரு பட்டம் கொடுத்தானாம். (அது என்னவென்று இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. ஏன் என்று தெரிந்துவிடும்.) கோட்டைக் கதவைத் தக்க நேரத்தில் திறந்ததற்காக என்பார் அப்பா. மூடியதற்காக என்பார் பெரியப்பா. மூத்த மகன் மட்டுமே அதைப் பெயரோடு வைத்துக்கொள்ளலாம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. பெரியப்பா தன் மூக்குக்கண்ணாடிக் கடைப் பலகையில் அதை எழுதியிருந்தார். அப்பா வெறும் பெயரோடு பேருந்து ஓட்டினார்.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்

(மழை பெய்யவில்லை. வருத்தமான இடம் வந்தால் எனக்கு மழை வந்துவிடுகிறது.)

பாஸ்போர்ட் அலுவலகம். அப்பா நகலெடுக்கப் போயிருந்தார்.

"குடும்பப் பேர் காலியா இருக்கே தம்பி," என்றார் எழுத்தர்.

"எங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க."

"ஏதாவது போடுங்க. பின்னால எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க."

அந்தப் பட்டத்தைப் போட்டேன்.

திரும்பி வந்த அப்பா அதைப் படித்தார். அடித்துவிடச் சொல்லவில்லை. "அண்ணனுக்குத் தெரிய வேணாம்," என்றார். [அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை மூன்று வரைவுகளில் எழுதி, மூன்றிலும் நீக்கினேன்.]

3

தெரிந்துவிட்டது. பெரியப்பா ஏணியில் ஏறிப் பலகையிலிருந்து பட்டத்தைத் தானே சுரண்டினார். "ஊருக்கே உள்ளதுன்னா எனக்கெதுக்கு?" எழுதியது தம்பிதான் என்று நினைத்துப் பதினான்கு வருடம் அவரோடு பேசவில்லை. போன மாதம் இறந்துபோனார்.

எழுதியது நான் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. அப்பாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

4

இந்தக் கதைக்கு ஒரு முடிவு எழுதினேன்: நான் கடைக்குப் போய் ஒப்புக்கொள்கிறேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றுகிறார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடா."

இதை அவர் மகளிடம் படித்துக் காட்டினேன். இப்போது கடையில் அக்காதான் உட்கார்கிறாள். ஒரு கண்ணாடிச் சட்டத்தின் திருகை முடுக்கி முடித்தாள்.

"எங்கப்பா உன்னை 'டா' போட்டதே இல்லை."

"மாத்திடுறேன்க்கா."

"அவர் இருந்தப்ப நீ வாயே திறக்கலை. இப்ப அவர் வாயில மன்னிப்பை வைக்கிறே. இதையும் கேக்காமத்தான் எழுதியிருக்கே."

5

அந்த மன்னிப்பு வரியை நீக்கிவிட்டேன்.

பக்கத்து அறையில் அப்பா செய்தித்தாள் படிக்கிறார். "அப்பா, அன்னைக்கு அந்தப் படிவத்துல" என்பதற்கு மேல் எனக்கு வாக்கியம் நகரவில்லை. இந்த இடத்தில் முடிவை உங்களிடம் விட்டுவிடலாம்; எழுதுகிறவர்கள் செய்வதுதான். ஆனால் என் பங்கை இன்னொருவர் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டு, பதினான்கு வருடம் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

பேனாவை மூடுகிறேன். நீங்கள் இங்கேயே இருங்கள். அப்பாவின் அறைக்குள் நான் மட்டும் போக வேண்டும்.