பதினேழாம் பெட்டிக் கல்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பதினேழாம் பெட்டிக் கல்லைச் சேறு போகக் கழுவினேன். மேல்பக்கம் எது என்று காட்டச் சுண்ணக்கட்டியால் போட்டிருந்த அம்புக்குறியும் சேர்ந்து போய்விட்டது. முதலில் அதைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மாலை வகுப்பு முடிந்து வந்ததும், தன் நாட்குறிப்பில் 'சின்ன' என்ற சொல்லை அவள் அடித்துவிட்டாள்.

அவளுக்கு வேலை கல் கிடங்கில். சுரங்கப்பாதை போகிற வழி நெடுக மலையை மேலிருந்து துளைத்து, உருளை உருளையாக எடுத்த கற்களைக் கழுவி, ஆழப்படி பெட்டிகளில் அடுக்க வேண்டும். மாலையில் நிலவியல் வகுப்பு. அன்று ஆசிரியை சொன்னது இதுதான்: இந்த மலைத்தொடர் ஒரு காலத்தில் கடலடி. கலங்கிய நீரில் பருமணல் முதலில் படியும், நுண்சேறு அதன்மேல் படியும். அப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து கல்லானதை, இரண்டு நிலத்தட்டுகள் நெருக்கி மடித்துத் தூக்கின. சில இடங்களில் மடிப்பு குப்புறச் சாய்ந்தும் விட்டது. அங்கே பருமணல் மேலே இருக்கும். மேலே பார்த்த அடுக்குகள் கீழே திரும்பவும் வரும்.

பதினேழாம் பெட்டிக் கல்லில் பருமணல் மேலேதான் இருந்தது. மலை புரண்டதா, கழுவியபின் அவள்தான் புரட்டி வைத்தாளா? முனைகள் தேய்ந்திருந்ததால் பக்கத்துத் துண்டோடு பொருத்திப் பார்க்கவும் வழியில்லை. மலைதான் புரண்டது என்றால், மேலே கண்ட பொடிப்பாறை, துளைத்தால் கூரையோடு சரிந்து விழுகிற பாறை, சுரங்கத்தின் வழியிலும் வரும். அங்கே முன்னால் நின்று துளை போடுகிறவர் அவளுடைய அக்காவின் கணவர்.

வெள்ளியன்று பொறியாளர் முன்னால் போய் நின்றாள்.

“பொடிப்பாறை வருமா, வராதா? ஒண்ணைச் சொல்லும்மா.”

“தெரியல சார். அம்பு அழிஞ்சிடுச்சு.”

“உனக்கே தெரியலன்னா நான் எதைக் காட்டி வேலையை நிறுத்தறது? ஆய்வகத்துக்கு அனுப்பு. கல்லுல இருக்கற காந்தத்தை வெச்சு மேல், கீழ் சொல்லிடுவாங்க. மூணு வாரம் ஆகும்.”

“ஒன்பது நாள்ல சுரங்கம் அங்க போயிடும் சார்.”

“தெரியும்மா” என்றார், தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

வீட்டில் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கொஞ்ச நாள் லீவு போடுங்களேன் அத்தான்.” காரணத்தையும் சொன்னாள்.

“வரலாம், வராமலும் போகலாம். அவ்வளவுதானே? இதை மேஸ்திரிகிட்ட சொன்னா, உன் மச்சினி கல்லு கழுவறாளா, ஜோசியம் பாக்கறாளான்னு கேப்பார்.” சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார்.

அக்கா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எப்படி எடுத்தே, எப்படி வெச்சே? நல்லா யோசிச்சுப் பாருடி.”

அவள் கண்ணை மூடி யோசித்தாள். குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சி நினைவுக்கு வந்தது. விரல் மரத்துப்போனது வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அக்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 14, வெள்ளி. நாளை: காலை எட்டு மணிக்குள் பதினேழாம் பெட்டிக் கல்லை நீளவாக்கில் இரண்டாக அறுக்க வேண்டும். ஒரு பாதியை ஆய்வகத்துக்குக் கட்டி அனுப்ப வேண்டும்.